நானோ துகளில் லாக்கேஸ் ஒட்டுகிறது, ஆனால் வேலை செய்யவில்லை: தவறு எங்கே?

கேள்வி: தண்டையார்பேட்டை மாணவி

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் உள்ள ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில் துணிக்குச் சாயம் ஏற்றும் சிறு பட்டறை ஒன்று இருந்தது. அதன் கால்வாயில் ஒரு நாள் நீலமும் மறுநாள் குங்குமச் சிவப்புமாக நீர் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால்தான், ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புக் கேட்டபோது, சாயங்களைச் சிதைக்கும் லாக்கேஸ் நொதியை நானோ துகள்களின் மீது நிலைநிறுத்தி, அதன் செயல்திறன் கெடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நான்கு மாதங்களாக அந்த வேலை ஒரே இடத்தில் நிற்கிறது.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். பெரஸ் குளோரைடையும் பெரிக் குளோரைடையும் ஒன்றுக்கு இரண்டு என்ற மோல் விகிதத்தில் கரைத்து, நைட்ரஜன் வாயுவைச் செலுத்தியபடியே அம்மோனியா சேர்த்து மேக்னடைட் (காந்தம் ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு) துகள்களைத் தயாரித்தேன். மின்னணு நுண்ணோக்கியில் அவை 10 முதல் 15 நானோமீட்டர் அளவில் தெரிகின்றன. அவற்றின் மீது அமினோபுரோப்பைல் சைலேனால் அமைன் குழுக்களை ஏற்றினேன். பிறகு 2.5 விழுக்காடு குளூட்டரால்டிஹைடில் இரண்டு மணி நேரம் வைத்துக் கழுவினேன். லாக்கேஸை 50 மில்லிமோலார் டிரிஸ் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்), பிஎச் 7.5இல் கரைத்து, துகள்களுடன் கலந்து, 4 டிகிரியில் இரவு முழுவதும் குலுக்கியில் விட்டேன். காலையில் சோதனைக் குழாயின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால், கறுப்புத் துகள்கள் எறும்புச் சாரைபோல ஊர்ந்து கண்ணாடியின் ஒரே இடத்தில் அப்பிக்கொள்கின்றன, நீர் தெளிந்துவிடுகிறது. அந்தத் தெளிநீரில் பிராட்போர்டு முறையில் புரதத்தை அளந்தேன். நான் சேர்த்ததில் 80 விழுக்காடு புரதம் துகளுக்குப் போய்விட்டது என்று வந்தது. அன்று மிகவும் மகிழ்ந்தேன்.

அதன்பின் துகள்களை 0.5 மோலார் உப்பு கலந்த அசிடேட் பஃபரில் (பிஎச் 4.5) மூன்று முறை கழுவிவிட்டு, ஏபிடிஎஸ் (லாக்கேஸ் வினையால் பச்சையாகும் வினைபடுபொருள்) கொண்டு 420 நானோமீட்டரில் செயல்திறனை அளந்தேன். தொடக்கத்தில் சேர்த்த நொதியை 100 அலகு என்று கொண்டால், ஒட்டாமல் தெளிநீரில் நின்றது 22 அலகு; துகள்களில் இருந்தது வெறும் 9 அலகு. பூஞ்சை பிடிக்காமல் இருக்க 0.02 விழுக்காடு சோடியம் அசைடு சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்த அதே துகள்கள், பத்து நாளில் 3 அலகுக்கு இறங்கிவிட்டன. அதே பெட்டியில் எதுவும் சேர்க்காமல் வைத்த தனி நொதிக் கரைசல் இதைவிட நன்றாக இருக்கிறது. நிலைநிறுத்தினால் நொதி நீடிக்கும் என்றுதானே படித்தோம்?

என் மேற்பரப்பு நொதியைக் கொன்றுவிடுகிறதா? நுண்துளைச் சிலிக்காவுக்கோ கிராபீன் ஆக்சைடுக்கோ மாறிவிடலாமா? திட்டத்தை ஒப்படைக்க இன்னும் ஏழு வாரங்களே உள்ளன.

மறுமொழி 1: பெரம்பூர் ஆசிரியை (ஓய்வு)

அன்புள்ள மாணவிக்கு, தாங்கியை, அதாவது நொதியை ஏற்றும் துகளை, மாற்றும் எண்ணத்தைச் சற்றே தள்ளி வையுங்கள். முதலில் கணக்கை முடிக்க வேண்டும். நூறு அலகு கொடுத்தீர்கள். தெளிநீரில் 22, துகளில் 9, ஆக 31 அலகுக்குத்தான் உங்களிடம் கணக்கு இருக்கிறது. மீதி 69 அலகும் இறந்துவிட்டதாக நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். உப்பு நீரில் மூன்று முறை கழுவினீர்களே, அந்தக் கழுவு நீரை அளந்தீர்களா? அதைத் தொட்டியில் ஊற்றியிருந்தால், உங்கள் நொதியின் பெரும்பகுதியை உயிரோடு ஊற்றியிருக்கிறீர்கள் என்பது என் ஊகம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் டிரிஸ் பஃபர் பயன்படுத்தியிருக்கிறீர்கள். டிரிஸ் மூலக்கூறிலேயே ஒரு முதன்மை அமைன் குழு இருக்கிறது. குளூட்டரால்டிஹைடு துகளின் மீது விட்டுச்சென்ற ஆல்டிஹைடு முனைகள், நொதியிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்துக்காகக் காத்திருப்பவை. அவற்றுக்கு லைசினின் அமைனும் டிரிஸின் அமைனும் ஒன்றுதான். 50 மில்லிமோலார் டிரிஸில் நொதியைக் கரைத்து ஊற்றும்போது, ஒரு நொதி மூலக்கூறு வந்து சேர்வதற்குள் பல்லாயிரம் டிரிஸ் மூலக்கூறுகள் அந்த இடங்களில் அமர்ந்துவிடும். போதாக்குறைக்குப் பூஞ்சை லாக்கேஸின் மேற்பரப்பில் லைசின் மிகுதியாகவும் இல்லை. நிலைநிறுத்தும் வேலையைப் பாஸ்பேட் பஃபரில், பிஎச் 7இல் செய்யுங்கள். விற்பனைக்கு வரும் நொதித் தூளில் அம்மோனியம் சல்பேட் எஞ்சியிருந்தாலும் இதே கதைதான்; ஆகவே நொதியைப் பாஸ்பேட்டில் ஒரு முறை டயாலிசிஸ் செய்துவிட்டு (சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றிவிட்டு) பயன்படுத்துங்கள்.

அப்படியானால் 80 விழுக்காடு புரதம் எப்படி ஒட்டியது என்று கேட்பீர்கள். அது மின்னேற்றக் கவர்ச்சி. லாக்கேஸ் அமிலத் தன்மையுடைய புரதம், பிஎச் 7.5இல் அது எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கும். துகளில் வினைபடாமல் எஞ்சிய அமைன் குழுக்களோ நேர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். நீங்கள் பிஎச் 4.5க்கு இறக்கி, உப்பும் சேர்த்தபோது அந்தப் பிடி தளர்ந்து நொதி கழன்று வந்துவிட்டது. புரதக் கணக்கை முதல் தெளிநீரில் மட்டும் எடுத்ததால், பின்னால் கழன்றது உங்கள் 80 விழுக்காட்டில் கழியவே இல்லை. கழுவு நீரை அளக்கும்போது ஒன்றை மறவாதீர்கள்: குளோரைடு அயனி லாக்கேஸைத் தடுக்கும். அதனால் உப்பை நீக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிலும் நொதி இல்லை என்று தவறான விடை வரும்.

அசைடு பற்றிச் சொல்லவே வேண்டும். லாக்கேஸ் நான்கு தாமிர அணுக்களைக் கொண்ட நொதி. ஓர் அணு வினைபடுபொருளிடமிருந்து எலக்ட்ரானை வாங்குகிறது. கொத்தாக உள்ள மற்ற மூன்றும் அந்த எலக்ட்ரான்களைக் கொண்டு ஆக்சிஜனை நீராக்குகின்றன. அசைடு நேராக அந்த மூன்று அணுக் கொத்தில் போய் அமர்ந்து வழியை அடைக்கும். பல ஆய்வகங்களில் புரதம் என்றால் கை தானாகவே அசைடு புட்டியை எடுக்கிறது. லாக்கேஸுக்கும் பெராக்சிடேஸுக்கும் அது ஆகாது. பத்து நாளில் நீங்கள் கண்ட வீழ்ச்சியில் ஒரு பகுதி வெறும் தடுப்புதான், இறப்பு அன்று. அந்தத் துகள்களைப் பாஸ்பேட்டில் நன்றாகக் கழுவி மீண்டும் அளந்து பாருங்கள்.

அடுத்தது நெரிசல். 10 நானோமீட்டர் மேக்னடைட் உருண்டைக்கு, அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.2 கிராம் என்று கொண்டு கணக்கிட்டால், ஒரு கிராமுக்குச் சுமார் 115 சதுர மீட்டர் பரப்பு வரும். லாக்கேஸ் மூலக்கூறு ஏறத்தாழ 5 முதல் 7 நானோமீட்டர் அகலம். ஒவ்வொன்றும் 36 சதுர நானோமீட்டர் இடம் பிடித்தால், அந்தப் பரப்பை ஓரடுக்காக நிரப்ப ஏறக்குறைய 350 மில்லிகிராம் நொதி போதும். துகள்கள் திரண்டு கட்டியாகும்போது உண்மையில் கிடைக்கும் பரப்பு இதைவிட மிகக் குறைவு. ஆகவே கிராமுக்கு 200, 300 மில்லிகிராம் என்று நொதியைக் கொட்டினால், பக்கத்தில் இருப்பவை ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். எத்தனை மில்லிகிராம் சேர்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் பாதியாக்கிப் பாருங்கள்.

குளூட்டரால்டிஹைடும் நேரமும் கூட மிகுதி என்றே நினைக்கிறேன். காசிமேட்டில் படகைக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றைக் கயிறு என்றால் அலைக்கு அறுந்து போகும். நாலா பக்கமும் இழுத்து இறுக்கினாலோ, நீர்மட்டம் ஏறி இறங்கும்போது பலகை விரிசல் விடும். நொதியும் வினை செய்யும்போது சிறிது அசைந்தாக வேண்டும். பல இடங்களில் பிணைத்தால் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் வேகம் குறையும். எவ்வளவு இறுக்குவது என்பதுதான் இந்த வேலையின் சாரமே. 0.5 விழுக்காடு, ஒரு மணி நேரம் என்று தொடங்குங்கள். நொதியைச் சேர்த்து நான்கு மணி நேரத்துக்குப் பின், எஞ்சிய ஆல்டிஹைடு முனைகளைக் கிளைசின் கொண்டு மூடிவிடுங்கள். அப்படி மூடாவிட்டால், குளிர்பெட்டியில் இருக்கும்போதும் அவை நொதியின் வேறு இடங்களைப் பிடித்துக்கொண்டே போகும்.

சைலேன் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரையிலிருந்து சில தெருக்கள் தள்ளி இருக்கும் ஆய்வகத்தில், அதுவும் ஐப்பசி மழைக் காலத்தில், சைலேன் புட்டியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்திலேயே அது தனக்குள் பிணைந்து பிசுபிசுப்பாகிவிடும். அத்தகைய சைலேன் துகளின் மீது மெல்லிய படலமாக அமையாமல் தடித்த திட்டுகளாகப் படிந்து, பிறகு நீரில் மெல்ல மெல்ல உதிரும். நொதியும் அதனோடு போகும். புட்டியை உலர்த்தும் ஜாடியில் வையுங்கள். கரைப்பானையும் உலர்த்தியே பயன்படுத்துங்கள்.

கடைசியாக, நொதியே இல்லாத வெறும் துகளையும் எல்லாச் சோதனைகளிலும் உடன் வையுங்கள். மேக்னடைட் நானோ துகளுக்குத் தானாகவே பெராக்சிடேஸ் போன்ற செயல் உண்டு என்று 2007இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். உங்கள் சோதனையில் ஹைட்ரஜன் பெராக்சைடு இல்லை என்றாலும், அமிலக் கரைசலில் துகளிலிருந்து கசியும் இரும்பு ஏபிடிஎஸ்ஸை நிறம் மாற்றக்கூடும். உங்கள் 9 அலகில் அதன் பங்கு எவ்வளவு என்பது தெரிந்தாக வேண்டும்.

மறுமொழி 2: ராயபுரம் முன்னாள் ஆலைப் பணியாளர்

ஆசிரியை அம்மா சொன்னதற்கு மேல் வேதியியல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு மருந்து ஆலையில் பெனிசிலினை உடைக்கும் பெனிசிலின் அசைலேஸ் நொதி ஏற்றிய மணிகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இந்தத் துறை நானோவுக்கு மிகவும் முந்தியது. இன்வர்ட்டேஸ் நொதி கரித்தூளில் படிந்த பின்னும் வேலை செய்கிறது என்று நெல்சனும் கிரிஃபினும் 1916இலேயே எழுதிவிட்டார்கள். 1969இல் ஜப்பானில் இச்சிரோ சிபாட்டாவின் குழு, அமினோ அசைலேஸை அயனி மாற்றுப் பிசின் போன்ற ஒரு தாங்கியில் ஏற்றி, அமினோ அமிலங்களைத் தொழிற்சாலை அளவில் பிரித்தெடுத்தது. அதில் வேதிப்பிணைப்பே இல்லை. உங்கள் துகளில் தற்செயலாக நடந்த அதே மின்னேற்றக் கவர்ச்சிதான். பிடி தளர்ந்து திறன் குறைந்தால், அந்தத் தாங்கியில் மீண்டும் புதிய நொதியை ஏற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் வசதி. ஆகவே அயனிப் பிடி என்பது தோல்வி அன்று. எந்தக் கரைசலில் அதைப் பயன்படுத்தப் போகிறோம் என்பதைப் பொறுத்தது அது. உப்பே இல்லாத நீரானால் அதுவே போதும். சாயக் கழிவுநீரில் நிற்காது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அந்தக் கழிவுநீரைப் பற்றித்தான். ரியாக்டிவ் சாயம் ஏற்றும் பட்டறையின் கழிவு எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். சாயம் நூலில் ஏற வேண்டும் என்பதற்காகச் சாதாரண உப்பை மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். பிணைவதற்குச் சலவைச் சோடா சேர்ப்பார்கள். ஆகவே அந்த நீர் காரமாகவும் குளோரைடு நிறைந்ததாகவும் இருக்கும். உங்கள் நொதிக்கோ அமிலம்தான் பிடிக்கும், குளோரைடு பிடிக்காது. துகளின் மேற்பரப்பை எவ்வளவு அழகாகச் செய்தாலும் இந்த இரண்டையும் அது மாற்றிவிடாது. சில பட்டறைகள் சாதாரண உப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்பேட் பயன்படுத்துகின்றன. சல்பேட் லாக்கேஸை அந்த அளவுக்குத் தொந்தரவு செய்யாது. உங்கள் சோதனைக்கு அத்தகைய பட்டறையின் நீரைத் தேடி வாங்கி, காரத்தை நடுநிலையாக்கிய பிறகு பயன்படுத்துங்கள். குழாய்க் கிணற்று நீரில் சாயத்தைக் கரைத்து மாதிரி தயாரிக்க எண்ணியிருந்தால் அதையும் தவிருங்கள். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நம் கடலோரத் தெருக்களின் கிணறுகளும் பெரும்பாலும் உப்புக் கரிப்பவைதாம்.

ஆலையில் நாங்கள் தொடக்கத் திறனைப் பெரிதாகப் பார்க்க மாட்டோம். ஒரு கிலோ மணி தன் ஆயுளில் மொத்தம் எவ்வளவு சரக்கைத் தருகிறது என்பதே கணக்கு. 40 விழுக்காடு திறனோடு தொடங்கி நூறு சுற்று ஓடுவது, 90 விழுக்காட்டில் தொடங்கி ஐந்து சுற்றில் விழுவதைவிட எங்களுக்கு மேல். பெனிசிலின் உடையும்போது அமிலம் வெளிப்படும். அதைச் சரிக்கட்டக் காரம் விடுவோம். காரம் விழும் இடத்தில் கலக்கல் போதாமல் போனால், அந்த இடத்து மணிகள் சாகும். ஒரு முறை கலக்கியின் வேகத்தைக் கூட்டி அதைத் தீர்க்கப் பார்த்தோம். மணிகள் அரைபட்டு மாவாகி, வடிகட்டித் துணியை அடைத்துக்கொண்டன. அன்று இரவு முழுவதும் அந்தத் துணியை அலசிக்கொண்டு நின்றேன். மணியே மாவானால் இந்தப் பாடு என்றால், 10 நானோமீட்டர் துகளைப் பல ஆயிரம் லிட்டர் நீரிலிருந்து எப்படி மீட்பது என்பதை உங்கள் அறிக்கையில் ஒரு பத்தியாவது எழுதுங்கள். சோதனைக் குழாயில் காந்தம் வேலை செய்வது அங்கே தொலைவு ஒரு சென்டிமீட்டர் என்பதால்தான்.

மறுமொழி 3: காசிமேடு ஆய்வு மாணவன்

தங்கைக்கு வணக்கம். ராயபுரத்து ஐயா கடைசியாகக் கேட்டதற்கு நான் செய்து பார்த்த ஒரு வழி உண்டு: நானோ துகளைத் தனியாக விடாமல், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானால் ஆன மணிக்குள் அடைப்பது. கைட்டோசானில் அமைன் குழுக்கள் இயல்பாகவே இருப்பதால் சைலேன் வேலையே மிச்சம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இறால் உரிக்கும் பெண்கள் கூடை கூடையாக ஓட்டைக் கொட்டுகிறார்கள். அதை வாங்கி வந்து, கழுவி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால், ஓட்டிலுள்ள சுண்ணாம்பு நுரைத்துப் பொங்கிக் கரையும். ஓடு மெழுகுத்தாள்போல வளையத் தொடங்கும். பிறகு நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் புரதத்தை நீக்கி, அடுத்து அடர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால் கைட்டின் கைட்டோசானாகிறது. ஒரு விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் அது கரைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பொருள். அந்தக் கரைசலில் மேக்னடைட்டைக் கலந்து, ஊசிக்குழாயால் சோடியம் ஹைட்ராக்சைடில் சொட்டுச் சொட்டாக விட்டால், மிளகு அளவில் கறுப்பு மணிகள் உருளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், அந்த மாதங்களில் ஓடு கிடைப்பது அரிது. முன்கூட்டியே காயவைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இதில் இழப்பும் உண்டு. மணிக்குள் வினைபடுபொருள் ஊடுருவிச் செல்ல நேரமாகும். உள்ளே இருக்கும் நொதி பசியோடு காத்திருக்கும். எனவே தோற்றத் திறன் குறைந்து காட்டும். வெறும் நானோ துகளின் பெருமையே இந்த ஊடுருவல் தடை இல்லை என்பதுதான். அதோடு, சிறிய துகள் புரதத்தின் வடிவத்தைக் குறைவாகக் குலைக்கிறது என்றும் தெரிகிறது. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 4, 20, 100 நானோமீட்டர் சிலிக்கா துகள்களில் லைசோசைமைப் படியவைத்தபோது, பெரிய துகளில்தான் அதன் சுருள் அமைப்பு மிகுதியாகக் கலைந்திருந்தது. பெரிய துகளின் பரப்பு புரதத்துக்கு ஏறக்குறையத் தட்டையான தரைபோன்றது. தொடும் இடம் கூடக்கூட அது படுத்துப் பரவிவிடுகிறது. ஆனால் எல்லா நொதிக்கும் ஒரே விதி இல்லை. லைப்பேஸ் பலவற்றில் வினையிடத்தின் மேல் ஒரு மூடி உண்டு. எண்ணெய்த்தன்மையுள்ள பரப்பைக் கண்டால் அது திறந்துகொள்ளும், அதனால் அத்தகைய தாங்கியில் திறன் கூடவும் செய்யும். லாக்கேஸுக்கு அப்படி எதுவும் இல்லை.

பலரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏபிடிஎஸ் எதிர்மின்னேற்றம் கொண்டது. உங்கள் துகளின் பரப்பு நேர்மின்னேற்றம் கொண்டது. வினையில் உண்டான பச்சை நிறத்தில் ஒரு பகுதி துகளிலேயே ஒட்டிக்கொண்டு, காந்தத்தால் துகளை ஒதுக்கும்போது அதனோடு போய்விடும். துகள் கறுப்பாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மேக்னடைட் சேர்க்காத வெள்ளைக் கைட்டோசான் மணிகளில் செய்தபோதுதான் நான் பார்த்தேன்: குழாயில் நீர் வெளிர்ப்பச்சை, மணிகளோ கிளிப்பச்சை. ஆகவே டைமெத்தாக்சி பீனால் போன்ற மின்னேற்றமில்லாத ஒரு வினைபடுபொருளிலும் அளந்து ஒப்பிடுங்கள்.

சாய நீக்கத்தில் இதே பொறி தலைகீழாக வரும். பல சாயங்களும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. அவை சிதையாமல் வெறுமனே துகளில் ஒட்டிக்கொண்டாலும் நீர் நிறமிழக்கும். நாம் நொதி வேலை செய்துவிட்டதாக எழுதிவிடுவோம். நொதி ஏற்றிய துகளையே கொதிநீரில் வைத்து நொதியைக் கொன்று, அதையும் ஒரு குழாயில் இட்டு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாத சாய நீக்கப் படத்தை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

மறுமொழி 4: தண்டையார்பேட்டை மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதினெட்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். சோதித்துவிட்டு எழுதுவதுதான் முறை என்று காத்திருந்தேன்.

முதலில் பழைய செய்முறையையே மாற்றாமல் இன்னொரு முறை செய்து, ஒரு சொட்டையும் கொட்டாமல் எல்லாக் கழுவு நீரையும் சேர்த்து, டயாலிசிஸ் செய்து உப்பை நீக்கி அளந்தேன். அம்மா ஊகித்தது சரி. கழுவு நீரில் 38 அலகு உயிரோடு இருந்தது. நான்கு மாதங்களாக அதைத் தொட்டியில்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். தெளிநீரில் 22, கழுவு நீரில் 38, துகளில் 9 என்று 69 அலகுக்குக் கணக்கு வந்துவிட்டது. அசைடில் கிடந்த பழைய துகள்களைப் பாஸ்பேட்டில் மூன்று முறை கழுவியதும் 3 அலகு 6 ஆனது. வெறும் துகளில் ஒரு அலகுக்கும் குறைவாகவே காட்டுகிறது.

பிறகு புதிய செய்முறை: பாஸ்பேட் பஃபர், டயாலிசிஸ் செய்த நொதி, 0.5 விழுக்காடு குளூட்டரால்டிஹைடு, நொதியின் அளவு பாதி, நான்கு மணி நேரம், இறுதியில் கிளைசின். கிராம் துகளுக்கு முன்பு 160 மில்லிகிராம் சேர்த்திருந்தேன், இப்போது 80. சேர்த்த 50 அலகில் தெளிநீரில் 14, உப்புக் கழுவலில் 4, துகளில் 24 அலகு கிடைத்தது. ஐந்தாவது சுற்றிலும் 19 அலகு நிற்கிறது. டைமெத்தாக்சி பீனாலில் அளந்தபோது, தனி நொதியோடு ஒப்பிட்ட விகிதம் ஏபிடிஎஸ்ஸில் கிடைத்ததைவிடச் சற்றுக் கூடவே வருகிறது. அண்ணன் சொன்ன ஒட்டல் காரணமாக இருக்கலாம்.

சாய நீக்கத்தில்தான் மனம் கனத்தது. நீலச் சாயத்தில் இரண்டு மணி நேரத்தில் 70 விழுக்காடு நிறம் போனது. கொதிக்க வைத்துக் கொன்ற துகளிலும் 45 விழுக்காடு போனது. அந்தக் குழாயை வைத்திராவிட்டால் 70 என்றே அறிக்கையில் எழுதியிருப்பேன். நொதியின் உண்மையான பங்கைப் பிரித்துக் காட்ட என்ன செய்யலாம்? ஐந்து சுற்றில் குறைந்த 5 அலகு, கழன்றதா இறந்ததா என்பதை எப்படி அறிவது?

மறுமொழி 5: பெரம்பூர் ஆசிரியை (ஓய்வு)

மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள், அம்மா. கொன்ற துகளின் 45 விழுக்காட்டையும் மறைக்காமல் அதே படத்தில் அருகருகே போடுங்கள். தேர்வாளர் அதைத்தான் முதலில் மதிப்பார்.

சாயத்துக்கு இப்படிச் செய்யலாம். இரண்டு வகைத் துகள்களையும் சோதனை முடிந்தபின் உப்பும் சிறிது காரமும் கலந்த நீரில் கழுவுங்கள். வெறுமனே ஒட்டிய சாயம் அதே நீல நிறத்தில் திரும்பி வரும், சிதைந்தது வராது. திரும்பி வந்ததை அளந்து கழித்தால் எஞ்சுவது நொதியின் வேலை. கொன்ற துகளில் ஒட்டியது ஏறக்குறைய முழுவதும் திரும்பி வருகிறதா என்று முதலில் பாருங்கள். அது வந்தால்தான் மற்ற கழித்தல் செல்லும். காரத்தில் கழுவிய துகளை அடுத்த சுற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

கழன்றதா இறந்ததா என்பதற்கு, ஏபிடிஎஸ்ஸில் வினை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் நிமிடத்தில் காந்தத்தால் துகளை முழுவதும் ஒதுக்கி, தெளிநீரை மட்டும் கியூவெட்டில் எடுத்துத் தொடர்ந்து பாருங்கள். நிறம் அங்கேயே நின்றால் நொதி துகளில்தான் இருக்கிறது; நிறம் ஏறிக்கொண்டே போனால் நொதி நீருக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றின் கழுவு நீரையும் இதேபோல அளந்து கூட்டுங்கள். அந்தக் கூட்டல் 5 அலகை எட்டினால், லைசின் வழியை விட்டுவிட்டு, லாக்கேஸின் மேலுள்ள சர்க்கரைக் கிளைகளைப் பெர்அயோடேட்டால் ஆக்சிஜனேற்றி, அவற்றின் வழியாகத் துகளின் அமைன்களோடு பிணைக்கும் முறையை ஒரு முறை செய்து பார்க்கலாம். வினையிடத்திலிருந்து தள்ளி நிற்கும் பிடி அது. கூட்டல் ஒன்று, இரண்டு அலகோடு நின்றால் எஞ்சியிருக்கும் வாரங்களில் அதைத் தொட வேண்டாம். அதற்குப் பதிலாக, தனி நொதியையும் துகள் நொதியையும் 60 டிகிரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து அளந்து, இரண்டின் அரை ஆயுளையும் ஒரே படத்தில் வரையுங்கள். நிலைநிறுத்தினால் நொதி நீடிக்குமா என்று முதல் நாள் கேட்டீர்களே, அதற்கு விடை அந்தப் படத்தில் கிடைக்கும்.